நாட்டியம் கல்லூரி ஏறிய வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் சிறுமியர் ஆடுவதைக் கண்டு மகிழாத பெற்றோர் பெருமாட்டி வட்டாரத்தில் இலர். ஆனால் அச்சிறுமியருள் ஒருத்தி வளர்ந்து, பள்ளியிறுதி தேறி, "நாட்டியத்தையே பாடமாக எடுத்துப் படிக்கிறேன்" என்றால், கைதட்டிய நாமே முகம் சுளிக்கிறோம். சென்ற ஆண்டு என் மகள் அவ்வாறு கேட்டபோது, "ஆடிப் பிழைக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று கடிந்துவிட்டேன். அவள் மறுமொழி கூறாது உள்ளே சென்றாள். அச்சொல் என் நாவில் எங்கிருந்து வந்தது என்று ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை. யான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பழகியவன். பிழையிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

நாட்டியம் முறையாகப் பயிலப்பட்ட கல்வி என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோருக்கு வேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கிறார். இன்றைய பாடத்திட்டம் எதற்கும் அது குறைந்ததன்று.

பின்னாளில் இக்கல்வி கோயிலையும் அரண்மனையையும் சார்ந்த குடும்பங்களில் தங்கிற்று. பெண்கள் தாயிடமும் நட்டுவனாரிடமும் பயின்றனர். பட்டம் வழங்குவார் எவருமிலர். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையைச் சார்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வர் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான கச்சேரி முறையைச் செம்மைப்படுத்தினர். அவர்களுள் வடிவேலு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மன்னரின் ஆதரவைப் பெற்றார்.

அரசர் ஆதரவு குன்றிய பின் இக்குடும்பங்கள் நலிந்தன. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அரும்பாடு பட்டார். 1947இல் சென்னை மாகாணத்தில் அவ்வழக்கம் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. பெண்களின் மானம் காக்க எழுந்த அம்முயற்சி நியாயமானதே. ஆயினும் வழக்கத்தின் மேல் விழுந்த பழி கலையின் மேலும் விழுந்தது. என் நாவில் வந்த சொல் அப்பழியின் மிச்சமேயன்றி வேறன்று.

அப்பழியைத் துடைக்கவும் சிலர் முன்வந்தனர். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரின் முயற்சியால் 1931இல் சென்னை மியூசிக் அகாடமி மேடையில் கல்யாணி அம்மையாரின் புதல்வியர் ஆடினர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவினார். குலத்தொழிலாக இருந்தது பள்ளிப் பாடமாயிற்று. அப்பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவரோ குலவழி வந்த ஆசிரியரே.

நம்மைப் போல் ஊர் பெயர்ந்து சென்ற தமிழரின் பங்கும் இதில் உண்டு. பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் 1880இல் தஞ்சை அரச குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அத்திருமணத் தொடர்பால் தஞ்சை ஆடல் மகளிரும் நட்டுவனார்களும் பரோடா அரண்மனைக் கலைஞராயினர். 1949இல் அங்கே அம்மன்னர் பெயரால் பல்கலைக்கழகம் தோன்றி, நாட்டியம் பட்டப் படிப்பாயிற்று. அரண்மனையில் ஆடிய காந்திமதி அம்மையாரின் மகன் குபேர்நாத் தஞ்சோர்க்கர் அப்பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். தாய் அரண்மனையில் ஆடிய கலையை மகன் வகுப்பறையில் கற்பித்தார்.

இனி நம் அண்டையில் நிகழ்ந்ததைக் காண்போம். மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனனும் மணக்குளம் முகுந்தராஜாவும் பரிசுச் சீட்டு விற்றும் பொருள் திரட்டி, 1930இல் கேரள கலாமண்டலத்தைத் தோற்றுவித்தனர். அங்கே மோகினியாட்டத்துக்கும் வகுப்பு ஏற்படுத்தினர். ஆனால் பழிச்சொல்லுக்கு அஞ்சிப் பெண்கள் சேரத் தயங்கினர். வகுப்பு இடையிடையே நின்று நின்று நடந்தது. நான் என் மகளிடம் கேட்ட கேள்வியையே அக்காலப் பெற்றோரும் கேட்டிருப்பர். அத்துணை இடையூற்றையும் கடந்த அந்நிறுவனம் 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. நம் சித்தூர் ஆறு கலந்து செல்லும் பாரதப்புழையின் கரையில், ஷொர்ணூர் சந்திப்புக்கு எதிர்க்கரையிலுள்ள செறுதுருத்தியில், அது இன்று விளங்குகிறது. காலடி சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்திலும் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியிலும் பரதநாட்டியம், மோகினியாட்டம் இரண்டிலும் பட்டம் பெறலாம்.

"பட்டம் சோறிடுமா?" என்பது பெற்றோரின் அடுத்த வினா. மேடை வருவாய் ஒன்றையே நம்புதல் தகாது. ஆனால் மேடைக்கு அப்பாலும் வேலையுண்டு. கேரளத்தில் 1957 முதல் நடைபெறும் பள்ளிக் கலைவிழாவால் ஊர்தோறும் நாட்டிய ஆசிரியர் தேவைப்படுகின்றனர். கல்லூரி ஆசிரியர் பணிக்குரிய தேசியத் தகுதித் தேர்வில் நாட்டியத்துக்கும் இடமுண்டு. நட்டுவாங்கம் சொல்வோர், பாடுவோர், நடனம் அமைப்போர் ஆகியோரும் இத்துறையில் பிழைக்கின்றனர். ஆதலின் நாட்டியம் பயிலும் மாணவி அடவோடு நில்லாது, தாளத்தையும் பாட்டையும், பாட்டுக்குரிய மொழியையும் ஐயமறக் கற்றல் வேண்டும். மாதவி காலத்தில் ஐந்து ஆசிரியர் பெற்றிருந்த புலமையில் ஒரு பகுதியேனும் இன்று ஒரு மாணவியிடம் வேண்டப்படுகிறது. பட்டச் சான்றிதழ் வாயிலைத் திறக்கும். உள்ளே நிலைத்திருக்கச் செய்வது பயிற்சியே.

பட்டம் ஏதும் பெறாத தாய்மாரும் நட்டுவனார்களும் பழியையும் வறுமையையும் தாங்கிக் காத்துக் கொடுத்த கல்வி இது. அதனை நம் பெண்கள் கேட்கும்பொழுது, பழைய பழிச்சொல்லை மீண்டும் எடுத்து வீசுதல் அறமாகாது.

இவ்வாண்டு என் மகள் செறுதுருத்திக்கு விண்ணப்பம் எழுதினாள். பெற்றோர் கையொப்பத்துக்குரிய இடத்தில் நானே கையொப்பமிட்டேன். முன்பு நான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் அவளிடம் கூறினேன். இடம் கிடைப்பது அவள் திறமையைப் பொறுத்தது. நம் சங்கத்துப் பெற்றோர்களும் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்துத் தத்தம் மக்களுக்கு விடை கூறுவார்களாக.