கடல் கடந்த மகவேற்பும் மாற்றுத்திறனுள்ள பிள்ளையும் – ஒரு வரலாற்று நோக்கு

பெற்றோரை இழந்த பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தல் மனித சமுதாயத்திற்குப் புதியதன்று. ஆயினும், அப்பிள்ளை யாருடைய நன்மைக்காக ஏற்கப்பட்டது என்னும் வினாவிற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகளே கிடைத்து வந்துள்ளன. அவ்விடைகளைப் புத்தளக் கரையோரத்தில் நின்று நோக்கி, அவற்றுள் மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்குக் கிடைத்த இடம் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிலாபம் முதல் கற்பிட்டி வரை நீளும் இக்கரையில் இந்துக்களும் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் அயலவராய் வாழ்கின்றனர். தந்தையைக் கடல் கொண்டால், பிள்ளையை அம்மம்மாவோ பெரியம்மாவோ வளர்ப்பர். அதற்கு எவரும் பத்திரம் எழுதுவதில்லை. முன்னாளில் இங்கு நிலவிய முக்குவர் வழக்கில் சொத்துரிமை தாய்வழியே சகோதரியின் மக்களைச் சேர்ந்தது. எனவே, வழித்தோன்றல் வேண்டிப் பிறர் பிள்ளையை ஏற்கும் தேவை அவர்களிடையே குறைவாயிருந்தது எனக் கருத இடமுண்டு. இஸ்லாமிய நெறியோ அநாதையைப் பேணுதலை உயர்ந்த அறமாகப் போற்றுகின்றது. எனினும், பிள்ளையின் தந்தைவழிப் பெயரை மாற்றி அதனைச் சொந்தப் பிள்ளையாக்குவதை அது ஏற்பதில்லை. 'கபாலா' எனப்படும் இப்பராமரிப்பு முறையை 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயமும் ஏற்றுக்கொண்டுள்ளது.

வடபுலத் தமிழரின் வழக்கு இதனின்றும் வேறானது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை, உறவினரின் இசைவோடு மஞ்சள் நீர் அருந்திப் பிள்ளையை ஏற்கும் சடங்கினைக் குறிப்பிடுகின்றது. பழைய கண்டியச் சட்டத்திலும் பிள்ளையை வாரிசாக ஏற்பதைப் பலரறிய வெளிப்படுத்த வேண்டியிருந்தது. இவ்விரு வழக்குகளுக்கும் பொதுவான அம்சம் யாதெனின், ஏற்பவரின் சொத்துக்கு உரிமையாளரைத் தேடுதலே மகவேற்பின் முதன்மை நோக்கமாயிருந்தமையாகும். குடி தழைக்கப் பிள்ளை தேடுவோர் நடக்கவியலாத பிள்ளையையோ பார்வையற்ற பிள்ளையையோ தேடிச் செல்வது அரிதினும் அரிது.

இந்நோக்கினை மாற்றியமைத்தது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளை மகவேற்புக் கட்டளைச் சட்டமாகும். மகவேற்புக் கட்டளை பிள்ளையின் நலனுக்கு உகந்தது என மாவட்ட நீதிமன்றம் திருப்தியடைதல் வேண்டும் என அது விதித்தது. வாரிசு தேடும் சடங்கு, சட்டத்தின் ஏட்டிலேனும் பிள்ளையின் உரிமையாக மாறியது.

ஆனால் ஏட்டிலிருந்த சட்டம் நடைமுறையில் வேறு வழியிற் சென்றது. கொரிய யுத்தத்தின் பின், 1950களில், அந்நாட்டுப் பிள்ளைகள் அமெரிக்கக் குடும்பங்களுக்குச் செல்லத் தொடங்கியதோடு கடல் கடந்த மகவேற்பு பெருவழக்காயிற்று. 1970களிலும் 1980களிலும் இலங்கையும் அவ்வலையுட் சிக்கியது. 1980களில் மட்டும் ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் ஐரோப்பாவிற்குக் கொண்டு செல்லப்பட்டனர் என மதிப்பிடப்படுகின்றது. பொய்ப் பத்திரங்களும், பெற்ற தாயின் இடத்தில் நிற்கப் பணம் பெற்ற பெண்களும், 'குழந்தைப் பண்ணைகள்' எனப் பெயர்பெற்ற இடங்களும் பின்னர் அம்பலத்திற்கு வந்தன. 1987இல் அரசு இம்மகவேற்பினை இடைநிறுத்தியது. 1992இல் சட்டம் இறுக்கப்பட்டது. நாடுகளுக்கிடையிலான மகவேற்புப் பற்றிய ஹேக் சமவாயம் 1995 மே 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தபோது, அதனை முதலில் ஏற்றுறுதி செய்த மூன்று நாடுகளுள் இலங்கையும் ஒன்றாகும். சுவிற்சர்லாந்து அரசு 2020இல் தன் தவற்றுக்கு வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து அரசு 2021இல் மன்னிப்புக் கோரியது.

இவ்வரலாற்றில் மாற்றுத்திறனுள்ள பிள்ளை எங்கே நிற்கின்றது? அன்றைய சந்தை நாடியது கைக்குழந்தையை, நோயற்ற குழந்தையை. எவரும் விலை பேசாத பிள்ளை காப்பகத்திலேயே தங்கியது. சந்தை ஒழுங்குபடுத்தப்பட்ட பின்னரே நிலைமை தலைகீழாயிற்று. இந்திய உயர்நீதிமன்றம் 1984இல் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் வழங்கிய தீர்ப்பு இங்குக் கவனிக்கற்பாலது. பிள்ளைக்கு முதலில் உள்நாட்டிலேயே பெற்றோரைத் தேடுதல் வேண்டும் என அது பணித்தது. ஆனால் உடற்குறையுள்ள பிள்ளையைப் பொறுத்தமட்டில் அவ்வாறு காத்திருத்தல் அவசியமன்று என விலக்களித்தது. விரைவான மருத்துவம் அப்பிள்ளைக்குக் கிட்டட்டும் என்னும் கருணையே அவ்விலக்கிற்குக் காரணம். எனினும், 'இப்பிள்ளையை நம்மவர் ஏற்கமாட்டார்' என்னும் மௌனமான ஒப்புதலும் அதனுள் அடங்கியுள்ளது. சீனாவிலிருந்து 1992 தொடக்கம் 150,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் வெளிநாடு சென்றனர். அவர்களுட் பிற்காலத்திற் சென்றோர் பெரும்பாலும் விசேட தேவையுடையோரே. 2024இல் சீனா அவ்வாயிலை மூடியபோது, தமக்கெனப் பெற்றோர் குறிக்கப்பட்டிருந்த பிள்ளைகள் பலர் காப்பகங்களிற் காத்திருந்தனர்.

கடல் கடந்த மகவேற்பினை முற்றாக நிறுத்துக என்பாரும் உளர். பெற்ற தாயரின் கண்ணீரை அறிந்தோர் அக்கூற்றை எளிதில் ஒதுக்க இயலாது. ஆயினும் வாயிலை மூடுவதனால் மட்டும் அப்பிள்ளைக்கு வீடு கிடைத்துவிடாது. இலங்கை 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. குடும்ப வாழ்வில் ஏனைய பிள்ளைகளோடு ஒத்த உரிமை இப்பிள்ளைக்கும் உண்டு என்பது அச்சமவாயத்தின் கோட்பாடு. சக்கர நாற்காலி செல்லும் பாதையும், பயிற்சி பெற்ற ஆசிரியரும், அண்மையில் மருத்துவ சிகிச்சையும் இல்லாத ஊரில் அவ்வுரிமை வெற்றெழுத்தாகவே எஞ்சும். ஏற்க விழையும் ஏழைக் குடும்பமும் தயங்கும்.

புத்தளத்திலும் சிலாபத்திலும் மாரவிலவிலும் மாவட்ட நீதிமன்றங்கள் உள; சட்டத்தின் வாயில் எமக்கு அண்மையிலேயே இருக்கின்றது. பத்திரமின்றியே அயலான் பிள்ளைக்குச் சோறிட்ட கரை இது. அப்பழைய அறம் குறையற்ற பிள்ளையோடு நின்றுவிடுமா என்பதே எமது தலைமுறையின் முன் நிற்கும் வினாவாகும். அந்நியர் எம் பிள்ளைகளைக் கொண்டு சென்றமையைக் கண்டிக்கும் உரிமை எமக்குண்டு. அவர்களும் வேண்டாது விட்ட பிள்ளைக்கு எம் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே அவ்வுரிமை நிறைவு பெறும்.