அமெரிக்க ஆட்சி பிறந்த கதை



சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பினாங்குக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தோம். கடலோரத்திலே பழைய கோட்டை ஒன்று இருக்கிறதல்லவா, கார்ன்வாலிஸ் கோட்டை? அங்கே பீரங்கி மேல் கை வைத்துக்கொண்டு ஒரு பையன் கேட்டான்: "சார், கார்ன்வாலிஸ்னா யாரு? பெரிய வீரரா?"

"வீரர்தான்டா. ஆனா அமெரிக்காவைத் தோத்துட்டு வந்த வீரர்" என்றேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி நெடுக அந்தக் கதைதான். அன்று சொன்னதை இம்மலருக்காகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அந்நாளில் 13 குடியேற்ற நாடுகள் பிரிட்டிஷ் அரசருக்கு அடங்கி இருந்தன. உள்ளூர்க் காரியங்களைப் பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரு சபை இருந்தது. ஆனால் வரி போட்டதோ லண்டன் பாராளுமன்றம். அங்கே இவர்களுக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. 1765-ல் முத்திரை வரி போட்டார்கள். பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரைக்கும் வரி. எதிர்ப்பு வரவே மறு ஆண்டே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் தேயிலை வரியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலுக்குப் போயிற்று. அந்தத் தேயிலை யாருடையது தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. சென்னையில் கோட்டை கட்டியதும், 1786-ல் பினாங்கை எடுத்துக்கொண்டதும் அதே கம்பெனிதான்.

1775-ல் சண்டை மூண்டது. 1776 ஜூலை 4-ல் விடுதலைப் பிரகடனம். 1781 அக்டோபர் 19-ல் யார்க்டவுன் என்னும் ஊரில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு கார்ன்வாலிஸ் சரணடைந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லித் தாம் வராமல், வாளைக் கொடுக்கத் தமக்குக் கீழுள்ளவரை அனுப்பினார்! அப்படித் தோற்றவரையே ஐந்து வருடத்தில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பிவிட்டார்கள். அவர் பெயரைத்தான் நம்ம பினாங்குக் கோட்டைக்கும் வைத்தார்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு அந்தப் பையன், "அப்ப அமெரிக்காவுக்கு யாரு சார் ராஜா ஆனாரு?" என்றான். நல்ல கேள்வி. அதுவரை உலகத்தில் ஒரு ராஜாவை விரட்டினால், விரட்டியவரே அந்த இடத்தில் உட்காருவதுதான் பெரும்பாலும் வழக்கம். ஜார்ஜ் வாஷிங்டன் கையில் வெற்றி பெற்ற படை இருந்தது. சம்பள பாக்கியால் அந்தப் படை மனம் கொதித்தும் இருந்தது. அவர் நினைத்திருந்தால் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் 1783 டிசம்பர் 23-ல் படைத்தலைவர் பதவியைக் காங்கிரஸ் சபையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

ராஜா வேண்டாம், சரி. வேறு என்ன? முதலில் அவர்கள் செய்த ஏற்பாடு உருப்படவில்லை. 13 மாநிலங்களுக்கும் பொதுவாக ஒரு காங்கிரஸ் சபை. அதற்கு வரி போடும் உரிமை இல்லை. அதிபரும் இல்லை, பொது நீதிமன்றமும் இல்லை. ஒரு விதியைத் திருத்தணும்னா 13 மாநிலமும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிப் பொருளுக்கு நூற்றுக்கு ஐந்து வரி கேட்டபோது, ரோட் ஐலண்ட் என்னும் குட்டி மாநிலம் ஒன்று 1782-ல் முடியாது என்றது. அதோடு முடிந்தது கதை. 1786-ல் மாசசூசெட்சில் கடன்பட்ட விவசாயிகள், நிலம் ஏலத்துக்குப் போவதைப் பொறுக்காமல் கோர்ட்டுகளை மறித்தார்கள். அவர்களில் பலர் விடுதலைப் போரில் சண்டை போட்டவர்கள்.

பயந்துபோன தலைவர்கள் 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடினார்கள். வந்தவர்கள் 55 பேர். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. தலைமை வாஷிங்டன். வாசலில் காவல் போட்டு, உள்ளே பேசுவது வெளியே போகக்கூடாது என்று கட்டுப்பாடு. கோடை முழுக்க வாதாடினார்கள். அன்றன்று நடந்ததைக் குறித்து வைத்தவர் ஜேம்ஸ் மாடிசன், வயது 36.

பெரிய மாநிலங்கள் ஆள்கணக்குப்படி இடம் கேட்டன. சின்ன மாநிலங்கள் எல்லாருக்கும் சமமாகக் கேட்டன. கூட்டமே உடையும் நிலை. ஜூலை 16-ல், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் சமரசம் ஆயிற்று. கீழவைக்கு மக்கள்தொகைப்படி இடம். மேலவையான செனட்டுக்கு, பெரிது சின்னது பாராமல் மாநிலத்துக்கு இரண்டு பேர். நம்ம மலேசியாவின் டேவான் நெகாராவிலும் மாநிலச் சட்டமன்றங்கள் ஆளுக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதை மாணவர்கள் கவனிக்கவும்.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி எது என்று கேட்டால், சந்தேகம் என்பேன். நல்லவர்தான் பதவிக்கு வருவார் என்று அவர்கள் நம்பவில்லை. நம்ம தோட்டத்துக் கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு, சாவி இரண்டு பேரிடம். அவர்களைத் திருடர் என்றா நினைக்கிறோம்? இல்லை. இருந்தாலும் பூட்டு இரண்டுதான். அதே மாதிரி, சட்டம் இயற்றுவது காங்கிரஸ், நடத்துவது அதிபர், வழக்குத் தீர்ப்பது நீதிமன்றம். காங்கிரஸ் இயற்றியதை அதிபர் மறுக்கலாம். இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் நின்றால் அந்த மறுப்பு செல்லாது. படைக்குத் தலைவர் அதிபர், ஆனால் போர்ப் பிரகடனம் செய்யும் உரிமை காங்கிரசுக்கு. நீதிபதியை நியமிப்பது அதிபர், சம்மதிக்க வேண்டியது செனட். தவறு செய்த அதிபர் மேல் குற்றம் சாட்டுவது கீழவை, விசாரிப்பது மேலவை.

இந்தப் பூட்டு வேலை செய்கிறதா? 1974-ல் செய்தது. அதிபர் நிக்சன் தம் அறையில் பதிவு செய்த பேச்சு நாடாக்களைக் கொடுக்க மறுத்தார். ஜூலை 24-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. அந்த நீதிபதிகளில் மூன்று பேர் அவரே நியமித்தவர்கள்! ஆகஸ்ட் 9-ல் நிக்சன் பதவியை விட்டு இறங்கினார்.

பேச்சுரிமை, சமய உரிமை முதலிய உரிமைகள் 1787-ல் எழுதிய சட்டத்தில் இல்லை. மக்கள் சண்டை போட்டுக் கேட்டு, 1791-ல் பத்துத் திருத்தங்களாகச் சேர்ந்தன.

இனிச் சொல்லப்போவது, பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று நான் யோசித்த பகுதி. சொன்னேன்.

தென் மாநிலங்களில் புகையிலையும் நெல்லும் விளைந்த பெரிய தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். 1790-ல் எடுத்த முதல் கணக்கில் மொத்தம் சுமார் 39 லட்சம் மக்கள். அதில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். வாஷிங்டனிடமும் அடிமைகள் இருந்தார்கள். எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று பிரகடனத்தில் எழுதிய ஜெபர்சனிடமும் இருந்தார்கள். கீழவை இடங்களுக்கு ஆள் எண்ணும்போது, அடிமைகளையும் சேர்த்து எண்ணணும் என்றார்கள் தோட்ட முதலாளிகள். வடக்கே இருந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று முடிவாயிற்று. ஓட்டு அவர்களுக்கு இல்லை. அவர்களை எண்ணிக் கிடைத்த கூடுதல் இடம் முதலாளிகள் பக்கத்துக்கு. செக்ரோலில் ஐந்து பேர் உழைப்புக்கு மூன்று பேர் போட்டு, அந்தச் சம்பளத்தையும் வேறு ஆள் வாங்கிப் போன மாதிரி! அடிமை என்ற சொல்லையே அந்தச் சட்டத்தில் அவர்கள் எழுதவில்லை. 'மற்றவர்கள்' என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். வெட்கம் இருந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவ்வளவு பூட்டுப் போட்டவர்கள் இந்த ஒரு கதவைத் திறந்தே விட்டார்கள். அதன் விலை 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டார்கள். 1865-ல் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

பஸ்ஸில் முன்வரிசையில் இருந்த பெண் பிள்ளை ஒன்று, "அந்த அஞ்சு பேருக்கும் ஓட்டு எப்ப சார் கெடைச்சது?" என்றது. 1870-ல் ஆண்களுக்குச் சட்டத்தில் கிடைத்தது, பெண்களுக்கு 1920-ல். ஆனால் தெற்கே தலைவரி கட்டு, எழுத்துப் பரீட்சை எழுது என்று சொல்லி விரட்டிவிட்டார்கள். 1965 மார்ச்சில், ஓட்டுரிமை கேட்டு செல்மா நகரத்துப் பாலத்தில் நடந்து போனவர்களைப் போலீஸ் அடித்தது. அதை நாடே டெலிவிஷனில் பார்த்தது. அந்த ஆகஸ்ட் 6-ல்தான் அதிபர் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

பஸ் தோட்டத்துக்குள் திரும்பும்போது அந்தப் பெண் விரல் விட்டு எண்ணி முடித்துவிட்டாள். "நூத்தி எழுபத்தெட்டு வருசம் சார்" என்றாள்.