நாற்பது குதிரைகளும் ஒரு ஹெரால்டு காரும்

மலருக்குக் கட்டுரை கேட்ட குழுவினர், "ஹாஸ்டல் சாம்பார் பத்தி மட்டும் வேண்டாமுங்க, ஏற்கெனவே ஏழு வந்தாச்சு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஆகவே இன்ஜின் பற்றி எழுதுகிறேன்.

காரணமும் இருக்கிறது. எங்கள் 2011 பேட்ச் மெக்கானிக்கல் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருக்கிறோம். நால்வரில் ஒருவருடைய தாத்தா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் பல வருஷமாக நிற்கிறது. அதில் ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்தி ஓட்ட வேண்டும் என்பதுதான் திட்டம். கேட்டவர்களில் பாதிப் பேர் "சூப்பர்" என்றார்கள். மீதிப் பேர் "உங்களுக்கென்ன கிறுக்கா?" என்றார்கள். இதில் யார் சொல்வது சரி என்று தெரிய, இதற்கு முன் யார் யார் இன்ஜினை இடம் மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். அந்தச் சரித்திரம்தான் இது.

பிரித்துப் பார்த்தவர்

நம் ஊரில் மோட்டார் பற்றி எது பேசினாலும் ஜி.டி. நாயுடுவில்தான் தொடங்க வேண்டும். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவை வந்து ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. முதல் வேலையாக அதை அக்கக்காகப் பிரித்து, மறுபடி பூட்டிப் பார்த்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் யு.எம்.எஸ். என்று பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரையும் கொண்டு வந்தார்.

கோவையில் 1945-ல் தொடங்கிய ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரிக்கு அவர்தான் முதல் முதல்வர். பொறியியல் படிப்புக்கு நான்கு வருஷம் எதற்கு, இரண்டே போதும் என்று வாதாடி, அரசு ஒத்துக்கொள்ளாததால் பதவியை விட்டவர். அரியர் வைத்து ஐந்து வருஷம் படித்த நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மனம் நொந்துகொள்ளலாம்!

அவர் வைத்துப் போன வழக்கம் இதுதான்: ஒரு எந்திரத்தை வாங்கினால் முதலில் பிரி, புரிந்துகொள், பிறகு மாற்று. வரிசை மாறக் கூடாது.

இல்லாமை தந்த பழக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அப்போது நம் பக்கத்துப் பஸ்களின் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு கொப்பரை ஏறியது. அடுப்புக்கரியை எரித்து அதிலிருந்து வரும் வாயுவால் பெட்ரோல் இன்ஜினை ஓட்டினார்கள். இழுவை குறைந்தது, மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். ஆனாலும் பஸ் நிற்கவில்லை.

அதன் பிறகு பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் அம்பாசடர், ஃபியட் கார்களில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். சென்னையில் மீன்பாடி வண்டிகளில் பழைய ஸ்கூட்டர், புல்லட் இன்ஜின்களைப் பூட்டினார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: செலவு. பொழுதுபோக்குக்காக யாரும் இன்ஜினை மாற்றவில்லை. ஓடவேண்டிய வண்டி ஓடவேண்டும், கையில் இருப்பதை வைத்து ஓட வேண்டும். அவ்வளவுதான்.

லண்டன் பக்கத்தில் ஒரு பட்டறை

மோட்டார் சைக்கிள் இன்ஜினைக் காரில் வைத்து உலகையே மாற்றிய கதை ஒன்று உண்டு. அதற்குக் கொஞ்சம் கடல் தாண்ட வேண்டும். 1946-ல் இங்கிலாந்தில் சர்பிட்டன் என்ற ஊரில் சார்லஸ் கூப்பர், அவர் மகன் ஜான் கூப்பர் இருவரும் கராஜ் நடத்தி வந்தார்கள். போர் முடிந்த நேரம். கையில் காசு இல்லை, கடையில் சாமான் இல்லை. இரண்டு பழைய ஃபியட் டோப்பலினோ கார்களின் முன்பகுதிகளை எடுத்து, ஒன்றை முன்னுக்கும் இன்னொன்றைப் பின்னுக்கும் வைத்து இணைத்தார்கள். பந்தய மோட்டார் சைக்கிளில் வந்த 500 சிசி ஜே.ஏ.பி. இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். ஏன் பின்னால்? பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. செயின் மூலம் பின்சக்கரத்தை ஓட்ட அதுதான் சுலபம்.

அந்த இன்ஜின் தந்தது நாற்பது சொச்சம் குதிரைத்திறன். ஆனால் அது இழுக்க வேண்டிய வண்டியோ கால் டன் அளவுதான். பறந்தது! ஸ்டெர்லிங் மோஸ் தன் பந்தய வாழ்க்கையை 1948-ல் அப்படி ஒரு கூப்பரில்தான் ஆரம்பித்தார். இன்ஜினைப் பின்னால் வைக்கும் அதே பழக்கத்தோடு வளர்ந்த கூப்பர் கார்களில் ஜாக் பிராபம் 1959, 1960 இரண்டு வருஷமும் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனார். சில வருஷங்களில் முன்பக்க இன்ஜின் வைத்த பந்தயக் காரே ஃபார்முலா ஒன்னில் இல்லாமல் போயிற்று. காசில்லாத அப்பனும் மகனும் செயின் போட வசதியாகச் செய்த வேலை அது!

நம்ம ஊர் கரிவர்தன்

இதே காரியத்தை நம் ஊரில் செய்தவர் எஸ். கரிவர்தன். 1954-ல் பிறந்தவர். கோவையின் ஜவுளித் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். சோழவரம் பந்தயங்களில் புகழ்பெற்ற ஓட்டுநர். சென்னைக்கு வடக்கே, போர்க்காலத்து விமான ஓடுதளத்தில்தான் அந்தப் பந்தயங்கள் நடந்தன. வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் இறக்குமதி செய்வது பெரும் பணக்காரர்களுக்கு மட்டுமே முடிந்த காலம் அது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதுக்கும் குறைந்த குதிரைத்திறன். ஊரெல்லாம் அதைக் குடும்பக் காராகப் பார்த்தது. கரிவர்தன் அதைப் பந்தய இன்ஜினாகப் பார்த்தார். எடை குறைந்த ஒற்றை இருக்கைச் சட்டம் ஒன்றைக் கோவையிலேயே கட்டி, மாருதி இன்ஜினை ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் வைத்தார். ஃபிஸ்மி என்றும் ஃபார்முலா மாருதி என்றும் பெயர் பெற்ற கார் அதுதான். பந்தயம் ஓட்டும் ஆசை உள்ள நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கும் முதல் முறையாக ஒரு வழி பிறந்தது.

கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையின் தொடக்கத்தில் ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதியைத்தான். 2005-ல் அவர் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். நாற்பத்தொரு வயதுதான். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் தளம் இன்று கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வெளியூர் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: இந்தக் கரி அடுப்புக்கரி அல்ல!

இனி எங்கள் கணக்கு

இந்தக் கதைகளைப் படித்த பிறகுதான் நோட்டில் கணக்குப் போட உட்கார்ந்தேன். ஹெரால்டு கார் சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் பத்து வருஷம் தயாரித்த வண்டி. நாங்கள் பார்ப்பது 1147 சிசி மாடல். இன்ஜின் மாற்ற இதைவிடத் தோதான பழைய கார் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாடி தனி, சேஸிஸ் தனி. பானட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நிலையாகப் பூட்டியிருக்கும். கைவைக்கச் சொல்லி வண்டியே அழைக்கும்!

அதன் பழைய இன்ஜின் சுமார் 39 குதிரைத்திறன். நாங்கள் பார்த்து வைத்த கே.டி.எம். 390 மோட்டார் சைக்கிள் இன்ஜின், 373 சிசி, சுமார் 43 குதிரைத்திறன். மூன்றில் ஒரு பங்கு சிசிதான், ஆனால் திறன் நாலு குதிரை அதிகம். "பார்த்தியாடா!" என்று நண்பர் துள்ளினார்.

நில்லுங்க. ஹெரால்டு அந்த 39-ஐ 4500 சுற்றில் தருகிறது. மோட்டார் சைக்கிளோ 43-ஐத் தர 9000 சுற்றுக்குப் போக வேண்டும். முறுக்குவிசையைப் பாருங்கள். ஹெரால்டுக்கு 2250 சுற்றிலேயே சுமார் 83 நியூட்டன் மீட்டர். மோட்டார் சைக்கிளுக்கு 7000 சுற்றில் 35 முதல் 37 வரை. பாதி கூட இல்லை. ஆள் ஏறிய மோட்டார் சைக்கிள் சுமார் 230 கிலோ. நாலு பேர் ஏறிய ஹெரால்டு 1,100 கிலோவுக்குக் குறையாது. ஐந்து மடங்கு சுமை! ஒவ்வொரு முறை புறப்படும்போதும் கிளட்ச்சை வழுக்க விட்டு வழுக்க விட்டுத்தான் நகர்த்த முடியும். மருதமலைப் படிவாசல் வரை போய்ச் சேர்வதற்குள் கிளட்ச் பிளேட் கருகிவிடும்.

இன்னும் இரண்டு சங்கதி. மோட்டார் சைக்கிளில் ரிவர்ஸ் கியர் கிடையாது, அதற்குத் தனிப் பெட்டி செய்ய வேண்டும். அடுத்தது ஆயில். மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும், அதனால் ஆயில் இன்ஜினுக்கு நேர் கீழேயே கிடக்கும். கார் சாயாது. ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும். அதற்கு சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைக்க வேண்டும், அல்லது ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துச் சுழற்ற வேண்டும். இரண்டும் நம் கணபதி, பீளமேடு பட்டறைகளில் முடியாத வேலை இல்லை. முடியுமா என்பது இங்கே கேள்வியே இல்லை. செய்தால் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. முன்பு எவ்வளவு வேகமோ ஏறக்குறைய அதே வேகம், ஆனால் சத்தம் இரட்டிப்பு, ஆயுள் பாதி!

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதாவது இப்படி மாற்றிய கார் அவிநாசி ரோட்டில் ஏற முடியாது. தனித் தளத்துக்குள் மட்டும்தான் சுற்ற முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. அந்தக் காரில்தான் நண்பருடைய அம்மா கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்கு வந்தார். இன்ஜின் மவுண்டிங்குக்காகச் சேஸிஸை ஒரு முறை வெட்டினால், பிறகு எத்தனை வெல்டிங் வைத்தாலும் அது பழைய வண்டி ஆகாது.

சரித்திரம் சொல்லும் யோசனை

ஹெரால்டு, மாருதி, ஜே.ஏ.பி., கே.டி.எம். நான்கும் ஏறக்குறைய அதே நாற்பது குதிரைகள்தான். கூப்பரும் கரிவர்தனும் குதிரைகளைக் கூட்டவில்லை, வண்டியைக் குறைத்தார்கள். இரவல் இன்ஜினுக்குப் புதிய, எடை குறைந்த வீடு கட்டினார்கள். நாங்கள் செய்ய நினைத்தது தலைகீழ். சின்ன இன்ஜினைப் பெரிய வீட்டுக்குக் குடிவைக்கப் பார்த்தோம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது புதுச் செய்தி அல்ல. 1981-ல் அமெரிக்காவில் ஃபார்முலா எஸ்.ஏ.இ. என்று தொடங்கிய மாணவர் போட்டியின் வழியில், நம் நாட்டில் ஃபார்முலா பாரத் நடக்கிறது. 2010-களின் பிற்பாதியில் அது கரி ஸ்பீட்வேக்கே வந்து சேர்ந்தது. மாணவர்கள் தாங்களே குழாய்ச் சட்டம் கட்டி, பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் இன்ஜினைத்தான் வைக்கிறார்கள். 710 சிசி வரை விதி இடம் தருகிறது. உறிஞ்சும் காற்று முழுவதும் 20 மில்லி மீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும். கரிவர்தன் பெயர் தாங்கிய மண்ணில் கரிவர்தன் செய்த அதே வேலை!

ஆகவே என் தீர்ப்பு: ஹெரால்டுக்கு அதன் சொந்த இன்ஜினையே பிரித்து, போர் போட்டு, புது பிஸ்டன் வைத்து ஓட்டுவோம். டிரையம்ப் ஹெரால்டின் உறவுக்கார வண்டி என்பதால் இங்கிலாந்திலிருந்து உதிரி பாகம் வரவழைக்கலாம். அந்த மோட்டார் சைக்கிள் இன்ஜினை நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்துவிடுவோம். சட்டம் கட்டும் குழாய்ச் செலவும் எங்கள் பேட்ச்சுடையது. வரைபடம் போடுவதும், வெல்டிங் வைப்பதும், கை சுட்டுக்கொள்வதும் மாணவர்கள் பாடு!

நால்வரில் ஒருவருக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. "முதல்ல வெட்டிப் பார்க்கலாம்டா" என்கிறார். அவரிடம் நான் சொல்வது நாயுடு காட்டிய வரிசையைத்தான்: முதலில் பிரி, புரிந்துகொள், பிறகு மாற்று. சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக்கல் பிளாக் வாசலில் இதைப் பேசித் தீர்க்கப் போகிறோம். சீனியர்கள் வாங்க, ஜூனியர்கள் அவசியம் வாங்க. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு முதல் வரிசை!