தாய்மார் கூற்றும் கணக்கெடுப்பின் சான்றும்: ருபெல்லா நோயின் வரலாறு

முன்னுரை

ஒரு நோயின் வரலாறு மருத்துவர் எழுதிய ஏடுகளில் மட்டும் அடங்குவதன்று. நோயுற்றோரின் வாய்மொழியிலும், அரசு வேறு நோக்கத்திற்காகத் தொகுத்த பதிவுகளிலும் அதற்குரிய சான்றுகள் உறைந்து கிடக்கின்றன. ஜெர்மன் தட்டம்மை எனவும் வழங்கும் ருபெல்லாவின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இந்நோய் கருவிலுள்ள குழந்தையைத் தாக்கும் என்னும் உண்மை எவ்வாறு தெளிவாயிற்று என்பதையும், அது தடுப்பூசித் திட்டமாக உருப்பெற்ற வகையையும் இக்கட்டுரையில் காண்போம்.

எளிய நோய் என்னும் எண்ணம்

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர்கள் இந்நோயை விவரித்தனர். 'ருபெல்லா' என்னும் பெயரோ இந்தியாவோடு தொடர்புடையது. அங்குப் பணியாற்றிய ஆங்கிலேயப் பீரங்கிப் படை மருத்துவர் ஹென்றி வீல், தாம் கண்ட நோய்ப்பரவல் ஒன்றை விவரித்து, 1866இல் இப்பெயரைச் சூட்டினார். 1881இல் இலண்டனில் கூடிய அனைத்துலக மருத்துவ மாநாடு இதனைத் தனி நோயாக ஏற்றது.

சிறு காய்ச்சல், மூன்று நாள் அளவில் மறையும் செந்தடிப்பு, கழுத்துப் பகுதியில் நிணநீர்க் கணுக்களின் வீக்கம் ஆகியவையே இதன் அறிகுறிகள். பலருக்கு இவையும் தோன்றுவதில்லை. ஆதலால் இது அஞ்சத்தக்கதன்று என்னும் எண்ணமே நெடுங்காலம் நிலவியது.

கிரெக்கின் ஆய்வு

1940இல் ஆஸ்திரேலியாவில் ருபெல்லா பெருமளவில் பரவியது. மறு ஆண்டு, சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையுடைய கைக்குழந்தைகள் வழக்கத்திற்கு மாறாக மிகுந்திருப்பதைக் கண்டார். தாய்மாரை வினவியபோது, கருவுற்ற தொடக்கக் காலத்தில் தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை கண்டதாகப் பலரும் கூறினர். தம் குழந்தைகளின் குறைபாட்டிற்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டு என்னும் கருத்து அவர்களின் பேச்சிலிருந்தே அவருக்குத் தோன்றியதாகவும் கூறுவர். பிற மருத்துவர்களின் குறிப்புகளையும் சேர்த்து 78 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுரையை அவர் 1941 அக்டோபரில் மெல்பர்னில் படித்தார். அக்குழந்தைகளுள் பலருக்கு இதயக் குறைபாடும் இருந்தது.

சார்லஸ் சுவான் முதலியோர் 1943இல் இக்கருத்தை வலுப்படுத்தினர்; செவிட்டுத்தன்மையும் இதன் விளைவே எனக் காட்டினர். எனினும், மருத்துவ உலகம் உடனே உடன்படவில்லை. தாய்மாரின் நினைவை நம்பிய முடிவு என்பது ஐயத்திற்கு ஒரு காரணமாயிற்று.

கணக்கெடுப்பு காட்டிய சான்று

அவ்வையம் நீங்கப் புள்ளியியலர் எச்.ஓ. லங்காஸ்டர் 1951இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் துணைபுரிந்தது. ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் செவித்திறன் அற்றோரின் எண்ணிக்கையை அவர் வயதுவாரியாக ஒப்பிட்டார். 1911இல் 10 முதல் 14 வயதினரிடையே அவ்வெண்ணிக்கை மிகுந்திருந்தது. 1921இல் அதே மிகுதி 20 முதல் 24 வயதினரிடையே காணப்பட்டது. அஃதாவது, 1899ஐ ஒட்டிப் பிறந்த ஒரே தலைமுறையினரே ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் தனித்துத் தெரிந்தனர். அவர்கள் கருவிலிருந்த காலத்தை ஒட்டி ருபெல்லா பரவியிருந்ததை லங்காஸ்டர் சுட்டினார். கிரெக்கிற்கு நாற்பது ஆண்டு முன்னரே நிகழ்ந்த கேடு எண்களாகப் பதிவாகியிருந்தும், அதனைப் படித்தறிவார் இலர் என்பது இங்குக் கருதத்தக்கது.

தடுப்பூசியும் கொள்கை மாற்றமும்

1962இல் அமெரிக்காவில் இரு ஆய்வுக் குழுக்கள் இந்நோயின் நச்சுயிரியைப் பிரித்தெடுத்தன. அந்நாட்டில் 1964-65இல் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேரை இந்நோய் பற்றியது. ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறவிக் குறைபாட்டுடன் பிறந்தன. 1969இல் தடுப்பூசி அங்குப் பயன்பாட்டிற்கு வந்தது.

யாருக்குத் தடுப்பூசி இடுவது என்னும் வினா அடுத்து எழுந்தது. தாயாகப்போகும் பெண்ணைக் காத்தால் போதும் என்பது ஒரு கொள்கை. சிங்கப்பூர் 1976இல் தொடக்கப்பள்ளி மாணவியருக்கும், மலேசியா 1988இல் பள்ளி மாணவியருக்கும் இத்தடுப்பூசியை இடத்தொடங்கின. ஆயினும், ஆண்களிடையிலும் சிறுவரிடையிலும் நோய் பரவிக்கொண்டிருக்கும்வரை, தடுப்பாற்றல் பெறாத கருவுற்ற பெண்ணுக்கு அவள் இல்லத்திலேயே ஆபத்து உண்டு. இதனையுணர்ந்து சிங்கப்பூர் 1982இல் மாணவரையும் சேர்த்தது. 1990இல் குழந்தைகளுக்கான முத்தடுப்பூசியை மேற்கொண்டது. மலேசியா 2002இல் அவ்வழியைப் பின்பற்றியது.

இந்தியாவில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கத்தின் முதற்கட்டத்தில் தமிழ்நாடும் இடம்பெற்றது. ஆங்கு வாட்ஸ்அப் வழிப் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். தடுப்பூசி கிடைத்தாலும் அதுபற்றிய நம்பிக்கை தானே வந்துவிடாது என்பதை இது உணர்த்துகிறது.

கருவுற்ற முதல் 12 வாரங்களில் தொற்று ஏற்படின் கருவிற்குக் கேடு நேரும் வாய்ப்பு மிகப் பெரிது. 90 விழுக்காடு வரை எனக் கூறுவர். கருச்சிதைவும் நேரலாம். குழந்தைக்கு நேர்ந்த குறைபாட்டை மாற்றவல்ல மருந்து இன்றுவரை இல்லை. இத்தடுப்பூசி வலுக்குறைக்கப்பட்ட உயிர் நச்சுயிரியைக் கொண்டதாதலின் கருவுற்ற பின் இடப்படுவதில்லை. இட்டபின் ஒரு மாதமேனும் கருத்தரிப்பைத் தள்ளிப்போடல் வேண்டும். எனவே, காப்பு முன்னரே அமைதல் இன்றியமையாதது.

முடிவுரை

தாய்மாரின் சொல்லைச் செவிமடுத்த மருத்துவர் ஒருவரும், பழைய கணக்கேடுகளைப் பொறுமையுடன் படித்த புள்ளியியலர் ஒருவரும் இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தனர். அதனைச் செயற்படுத்தும் களங்களுள் பள்ளிக்கூடமும் ஒன்று. தடுப்பூசி ஒப்புதல் படிவத்தைக் கையில் ஏந்தி ஐயத்துடன் வரும் பெற்றோர் முதலில் நாடுவது ஆசிரியரையே. அவர்தம் அச்சத்தை எள்ளாது கேட்டு, உரிய விளக்கத்தை அவர்தம் தாய்மொழியிலேயே தருவது நம் கடமை. ஒரு மாணவனுக்கு இன்று இடப்படும் ஊசி, அவன் அறியாத ஒரு தாயின் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் காப்பாகும் என்பதை நாம் எடுத்துரைத்தல் வேண்டும்.