காபி குடித்தால் தூக்கம் போவது ஏன்? மூளையின் 'அடினோசின் மேப்' சொல்வது என்ன?

நைட் ஷிஃப்ட், பரீட்சை... எதுவானாலும் கண்ணைச் சொருகும்போது கை தேடுவது காபியைத்தான். ஆனால் காபி தூக்கத்தை விரட்டுவதில்லை, தூக்கம் வருவதை மூளைக்குத் தெரியாமல் மறைக்கிறது. எப்படி?

அது என்ன அடினோசின்?

நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். செல்களின் மேல் இருக்கும் ஏற்பிகளில் (ரிசெப்டர்) இது போய் உட்கார்ந்தால், 'போதும், தூங்கு' என்று சிக்னல் கிளம்பும். காபியில் உள்ள காஃபின், வடிவத்தில் அடினோசினை ஒத்திருப்பதால் அந்த சீட்டைப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான், சிக்னல் கட்!

ஏற்பிகள் எங்கே இருக்கின்றன?

மொத்தம் 4 வகை. மூளையில் முக்கியமானவை இரண்டு.

* ஏ1: மூளை முழுக்கப் பரவியிருக்கிறது. பெருமூளைப் புறணி, நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பஸ், தலாமஸ் ஆகியவற்றில் அதிகம்.

* ஏ2ஏ: பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. மூளையின் ஆழத்தில், உடல் அசைவைக் கவனிக்கும் ஸ்ட்ரையேட்டம்தான் அந்த இடம்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஆரம்பத்தில், மூளையை மெல்லிய துண்டுகளாகச் சீவி, கதிரியக்கம் ஏற்றிய வேதிப்பொருளை அதில் சேர்த்தார்கள். ஏற்பி அதிகமுள்ள இடத்தில் அது அதிகமாக ஒட்டும். ஃபிலிமில் படமாகப் பதியும். இப்போது உயிரோடு இருப்பவரின் மூளையையே பெட் ஸ்கேனில் பார்க்க முடிகிறது.

ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மைய விஞ்ஞானிகள், 24 மணி நேரம் தூங்காதவர்களின் மூளையில் ஏ1 ஏற்பிகளின் அளவு கூடுவதை 2007-ல் காட்டினார்கள். சுமார் 450 மில்லிகிராம் காஃபின், அதாவது ஏறக்குறைய 4-5 கப் காபி, ஏ1 ஏற்பிகளில் பாதியை அடைத்துவிடும் என்பதும் இதே ஸ்கேன் முறையில் தெரியவந்தது.

ஆனால் விழிப்புக்குக் காரணம் ஏ2ஏ என்கின்றன எலி ஆய்வுகள். அந்த ஏற்பியே இல்லாத எலிகளுக்குக் காஃபின் கொடுத்தும் தூக்கம் கலையவில்லை.

இதனால் என்ன பயன்?

நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோயில் பாதிக்கப்படுவதும் ஸ்ட்ரையேட்டத்தின் வேலைதான். அங்குள்ள ஏ2ஏ ஏற்பியைத் தடுக்கும் இஸ்ட்ராடெஃபிலின் மருந்துக்கு ஜப்பான் 2013-லும், அமெரிக்கா 2019-லும் அனுமதி கொடுத்தன. வழக்கமான லெவோடோபா மருந்தோடு சேர்த்து இது தரப்படுகிறது.

கவனிக்க வேண்டியது

காபி குடித்தாலும் சேர்ந்த அடினோசின் குறையாது. காஃபின் விலகியதும் அசதி மொத்தமாக வந்து அமுக்கும். உடலில் சேர்ந்த காஃபினில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்தால், ராத்திரி 11 மணிக்கும் பாதி உள்ளேதான் இருக்கும். சேர்ந்த அடினோசினைக் கரைக்க ஒரே வழி, தூக்கம்தான்.