ஏரிப்பட்டியும் இக்காலத்து மானியமும்

தகடூரென்று பழம்பெயர் பூண்ட தருமபுரி நாட்டிலே காவிரி பாய்கின்றது என்று கேட்ட மாத்திரத்தில், அதனைத் தஞ்சையைப் போன்ற நீர்நாடென்று அயலார் கருதிவிடுதல் கூடும். உண்மை அஃதன்று. ஒகேனக்கல்லில் அருவியாய் வீழும் அவ்வாறு, ஜில்லாவின் மேல் எல்லையிலே ஆழ்ந்த பள்ளத்தில் ஓடி மேட்டூரை நோக்கிச் சென்றுவிடுகின்றது. மேட்டு நிலத்து வயல்களுக்கு அது தானே ஏறி வருவதில்லை. ஆகவே அந்நாட்டுக் குடிகளுக்கு உயிர்நிலை ஏரியும் கிணறுமேயாம். ஏரியை வெட்டவும் காக்கவும் பொருள் எவ்வழியே வந்தது என்று ஆராய்தல், ஊர்ப்பொதுக் காரியங்களுக்கு அரசாங்கத்தின் உதவியை நாடி நிற்கும் நம்மவர்க்குப் பயன் தருமென்றெண்ணி இதனை எழுதப் புகுந்தோம்.

அதியமான் ஒளவைக்கு நெல்லிக்கனி ஈந்த கதையைக் கூறாத மேடை நம் பக்கத்தில் இல்லை. ஏரிப்பட்டியைப் பற்றிப் பேசுவோர்தாம் அரியர். ஏரிப்பட்டியாவது, ஏரியைக் காப்பதற்கென்றே விடப்பட்ட நிலம். அதன் விளைவைக் கொண்டு தூர் வாருவர், கரைக்கு மண்ணிடுவர், மதகின் பழுது நீக்குவர். தொண்டை நாட்டு உத்தரமேரூரிலே, முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் 919, 921 ஆகிய ஆண்டுகளில் ஏரி வாரியம் என்னும் சபையைக் குறிக்கின்றன. குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்டோர் அதனை நடத்தினர். சபையாரிடம் பொன்னை ஒப்படைத்து, அதன் வட்டியால் ஆண்டுதோறும் ஏரியில் மண்ணெடுக்கச் செய்த தருமவான்களும் அக்காலத்தில் உளர். முதலைத் தொடாமல் வட்டியால் காரியம் நடத்தும் இவ்வழியை இன்றைய வங்கிகளா நமக்குக் கற்பித்தன?

வடக்கே கடப்பை, நெல்லூர், சித்தூர்ப் பக்கங்களில் தசபந்தம் என்றொரு மானியம் வழங்கிற்று. தன் செலவில் ஏரியோ கிணறோ வெட்டினவனுக்கு நிலத்தையாவது வரும்படியில் ஒரு பங்கையாவது விட்டுக் கொடுப்பர். பத்தில் ஒன்று என்பதே அப்பெயரின் பொருள். இதிலே நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. அக்கொடை வெட்டிய நாளோடு முடிவதன்று. ஏரி பயன்படுமளவும் மானியம் நிற்கும். காவாதவனுக்கு அதில் உரிமையில்லை.

நிற்க. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினியாருக்குக் கொடுத்தான். காப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பவர் அதன் தலைவரானார். அவருக்குத் துணையாய் வந்து 1799 வரையில் இந்நாட்டில் உழைத்தவர் தாமஸ் மன்றோ. பின்னர்ச் சென்னைக் கவர்னரானவர். நிலத்தை அளந்து, குடியானவன் ஒவ்வொருவனோடும் தனித்தனியே தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. அதனால் இடைத்தரகர் கொடுமை குறைந்தது என்பதை மறுக்கோம். ஆனால் தனிக்குடியை அறிந்த சர்க்கார் கணக்கிலே ஊர் என்னும் பொதுவுருவுக்கு இடம் சுருங்கிற்று. ஏரியோ தனி ஒருவனது சொத்தன்று.

அதன் விளைவு 1858-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு தோன்றிய இனாம் கமிஷன், ஊழியம் இனித் தேவையில்லை எனக் கண்ட மானியங்கள் பலவற்றிற்கு ஓர் இறை விதித்துச் சொந்த நிலமாக்கிற்று. ஏரிக் காவலுக்கு உரியவற்றை நிறுத்தி வைத்ததும் உண்டு. அதே ஆண்டில் குடிமராமத்துக்காகக் கட்டாய உழைப்புச் சட்டமும் பிறந்தது. முன்னே நிலம் கொடுத்து வேலை வாங்கினர்; இப்போதோ சட்டம் காட்டி வேலை வாங்க முயன்றனர். சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம், தருமபுரியையும் உட்கொண்டிருந்த அன்றைய சேலம் ஜில்லாவைப் பெரிதும் வாட்டியது.

சுதந்தரத்தின் பின் 1952 அக்டோபர் 2-இல் சமுதாய நலத்திட்டம் தொடங்கிற்று. தருமபுரி தனி ஜில்லாவானது 1965-இல். குடிமராமத்து என்னும் பழம்பெயரை அரசாங்கம் 2017-இல் மீண்டும் எடுத்து, முதலில் 100 கோடி ரூபாயில் தமிழகமெங்கும் 1,519 வேலைகளை ஏற்றது. பாசனக் குடிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ பத்தில் ஒரு பங்கு தரவேண்டியிருந்தது. முன்னாளில் பத்தில் ஒன்றை அரசு கொடுத்தது. இத்திட்டத்திலோ பத்தில் ஒன்றைக் குடி கொடுத்தது! இம்மாறுதலை நாம் குறையென்று சொல்ல வரவில்லை. தன் பங்கிட்டவனே தன் ஏரியென்று நினைப்பான். நமக்கு நாமே என்று 1997-இல் தோன்றி, 2011 முதல் தன்னிறைவுத் திட்டமென வழங்கி, 2021-இல் மீண்டும் பழைய பெயரே பெற்ற திட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கை ஊரார் திரட்ட வேண்டும் என்பதே பொதுவிதி. எனினும் இம்முறைகளில் குடிகளின் பங்கு கட்டுமானச் செலவைப் பற்றியது. கட்டி முடித்தபின் ஆண்டுதோறும் மண்ணெடுக்க எந்த நிலத்து விளைவு, எந்தப் பொன்னின் வட்டி உளது? நம் ஊர்ச் சங்கத்தார் மனுவில் கையொப்பமிடுமுன் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இதுவே.

மானியம் ஊரில் வேர்விடுதலைக் காண விரும்புவோர், அரூருக்கப்பால் கல்வராயன், சித்தேரி மலைகளுக்கிடையே கிடக்கும் சிட்டிலிங்கிக்குச் செல்லலாம். மருத்துவத் தம்பதிகளான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் அங்கே குடியேறினர். முதல் ஆஸ்பத்திரி, மலைமக்கள் உடனிருந்து கட்டிய கூரைக் குடிசையே. நண்பர்களும் பிறரும் அளித்த நன்கொடையால் அது வளர்ந்தது. ஆயினும் வந்த பணத்தைச் சுவரிலேயே முடக்காமல், அம்மலையாளிப் பழங்குடிப் பெண்களையே தாதியராகவும் சுகாதார ஊழியராகவும் பயிற்றினர். பின்னர் இயற்கை வேளாண்மைக்கு உழவர் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பூத்தையலுக்குப் போர்காய் என்னும் சங்கமும் அங்கே எழுந்தன. போர்காய் என்பதற்கு அவர்கள் மொழியில் பெருமை என்று பொருள். குடிசை நின்ற இடத்தில் இப்போது கட்டடம் நிற்கிறது. அதனுள்ளே நோயாளிகளைக் கவனிப்போரில் பலர் அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த பெண்களே.