ஷட்டர் எண்ணிக்கை

ஷட்டர் எண்ணிக்கை என்பது ஓர் எண்ணிம ஒளிப்படக்கருவியின் ஷட்டர், அதாவது மூடி, கருவி உருவாக்கப்பட்டது முதல் எத்தனை முறை இயங்கியுள்ளது என்பதைக் குறிக்கும் எண் ஆகும். பழைய ஒளிப்படக்கருவியை வாங்குவோர் அதன் தேய்மானத்தை மதிப்பிட முதலில் கேட்பது இந்த எண்ணையே. பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பதற்கு இதனை ஒப்பிடுவர். எனினும் இந்த எண் ஒரே ஓர் உறுப்பின் உழைப்பை மட்டுமே அளக்கிறது. மரக்காணம் உப்பளப் பகுதியைச் சேர்ந்த அனுமந்தை போன்ற கடற்கரை ஊர்களில் பயன்பட்ட கருவிகளைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு முக்கியமானது.

இயக்கமும் தேய்மானமும்

வில்லை மாற்றக்கூடிய கருவிகளில் உணரிக்கு முன்னால் இரண்டு திரைகள் கொண்ட மூடி அமைந்துள்ளது. முதல் திரை விலகும்போது ஒளி உணரியில் விழத் தொடங்குகிறது. இரண்டாம் திரை பின்தொடர்ந்து வந்து அதனை மறைக்கிறது. ஏறத்தாழ 1/250 நொடியை விட விரைவான வேகங்களில் முதல் திரை முழுதும் விலகுமுன்பே இரண்டாம் திரை புறப்பட்டுவிடும். ஆகவே இரண்டுக்கும் இடையிலான ஒரு குறுகிய பிளவு மட்டுமே உணரியின் குறுக்கே நகர்கிறது. மெல்லிய தகடுகளும் சுருள்வில்களும் இவ்வளவு விரைவாகப் புறப்பட்டு நிற்பதே தேய்மானத்துக்குக் காரணம். டி.எஸ்.எல்.ஆர். கருவிகளில் ஒவ்வொரு படத்துக்கும் ஆடியும் மேலெழுந்து இறங்குவதால் அதன் பொறியமைவும் உடன் தேய்கிறது.

உற்பத்தியாளர்கள் சில கருவிகளுக்கு மூடியின் சோதனை ஆயுளை அறிவிப்பதுண்டு. நிக்கான் டி90 கருவிக்கு இது 1,00,000 முறை. கேனான் 5டி மார்க் 2 கருவிக்கு 1,50,000. நிக்கான் டி5 கருவிக்கு 4,00,000. இவை உத்தரவாதம் அல்ல, சோதனைச்சாலை இலக்குகள். அறிவித்த எண்ணைக் கடந்தும் பழுதின்றி இயங்கும் மூடிகள் உள்ளன. அதில் பாதியை எட்டுமுன் முறிந்தவையும் உள்ளன.

எண்ணிக்கை எவ்வளவு விரைவில் ஏறும் என்பது பயன்பாட்டைப் பொறுத்தது. மரக்காணத்துக்கு அருகிலுள்ள கழுவெளி ஈரநிலம் 2021 ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 இல் ராம்சர் தளமாகவும் ஏற்கப்பட்டது. இத்தகைய இடங்களில் பறக்கும் பறவைகளைப் படம்பிடிப்போர் தொடர்பிடிப்பு முறையைக் கையாள்கின்றனர். அவர்கள் விரும்பி வாங்கிய நிக்கான் டி500, கேனான் 7டி மார்க் 2 ஆகிய இரண்டும் நொடிக்கு 10 படங்கள் எடுக்கும். இரண்டுக்கும் அறிவிக்கப்பட்ட ஆயுள் 2,00,000 முறை. கணக்கிட்டால் இது பொத்தானை அழுத்திப் பிடித்த 20,000 நொடிகள், அதாவது ஐந்தரை மணி நேரம் மட்டுமே. ஒரே ஆண்டு பழமையான கருவி எனும் விளம்பரம் இவ்விடத்தில் எதையும் உணர்த்தாது.

அறியும் முறைகள்

நிக்கான், பென்டாக்சு கருவிகள் இவ்வெண்ணைப் படக்கோப்பிலேயே எழுதுகின்றன. கோப்பின் எக்சிஃப் தரவில் உற்பத்தியாளர் குறிப்பு என்ற பகுதியில் இது இடம்பெறும். பில் ஆர்வே உருவாக்கி 2003 முதல் இலவசமாக வழங்கிவரும் எக்சிஃப்டூல் என்ற மென்பொருள் இப்பகுதியைப் படித்துக் காட்டும். சோனி கருவிகள் பலவற்றில் எண் மறையாக்கப்பட்டிருந்தாலும் அதே மென்பொருள் அதனையும் பிரித்தறிகிறது. கேனான் கருவிகள் பெரும்பாலானவை எண்ணைப் படத்தில் எழுதுவதில்லை. கருவியை யூ.எஸ்.பி. வடத்தால் கணினியுடன் இணைத்துக் கேட்க வேண்டும். லினக்சு பயனர்களுக்கு ஜிஃபோட்டோ2 என்ற கட்டற்ற மென்பொருள் சில கேனான் கருவிகளில் இதற்கு உதவுகிறது.

சோதனைக்கு, வாங்குபவர் தம் முன்னிலையில் எடுக்கப்பட்ட படத்தின் மூலக்கோப்பையே பெற வேண்டும். வாட்சப் வழியாக அனுப்பிய படத்தில் எக்சிஃப் தரவு நீங்கிவிடும். சில திருத்து மென்பொருள்களும் உற்பத்தியாளர் குறிப்பை அழித்துவிடுகின்றன. கோப்பின் பெயரிலுள்ள நான்கு இலக்க எண்ணை ஷட்டர் எண்ணிக்கையாகக் காட்டுவது மற்றொரு வழக்கம். அந்த எண் 9999 ஐ எட்டியதும் மீண்டும் 0001 இல் தொடங்கும். அமைப்பில் எப்போது வேண்டுமானாலும் மாற்றியும் அமைக்கலாம். எனவே அது சான்றாகாது.

எண் காட்டாதவை

பழுதுபார்ப்பில் மூடி மாற்றப்பட்டிருந்தால் எண்ணிக்கைக்கும் மூடியின் வயதுக்கும் தொடர்பு அற்றுப்போகும். 2012 இல் வெளியான நிக்கான் டி600 இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. உணரியில் துகள்கள் படிவதாக எழுந்த முறையீடுகளை அடுத்து, அந்நிறுவனம் 2014 இல் மூடியைக் கட்டணமின்றி மாற்றித் தந்தது. பழைய டி600 ஒன்றை வாங்குபவர் எண்ணைவிடப் பழுதுபார்ப்புச் சீட்டைக் கேட்பதே பயன்தரும்.

காணொளிப் பதிவில் மூடி திறந்தே இருப்பதால், ஒரு மணி நேரப் பதிவு எண்ணிக்கையை ஏறக்குறைய உயர்த்துவதே இல்லை. திருமணக் காணொளிக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்த கருவி சில ஆயிரம் என்ற எண்ணுடன் விற்பனைக்கு வரலாம். மின்னணு மூடியால் எடுத்த படங்களும் பொறிமூடியைத் தேய்ப்பதில்லை. 2021 இல் வெளிவந்த நிக்கான் இசட்9 கருவியில் பொறிமூடியே கிடையாது.

உப்புக் காற்றுப் பகுதிகளில்

கடலோரக் காற்றில் கலந்துவரும் நுண்ணிய உப்பு கருவியின் மேலும் இடுக்குகளிலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைக் கடந்ததும் சோடியம் குளோரைடு நீரை ஈர்த்துத் தானே கரைசலாகிவிடும். கிழக்குக் கரையில் இரவுகளிலும் விடியற்காலைகளிலும் ஈரப்பதம் இவ்வளவை எளிதில் தாண்டும். அவ்வாறு உருவாகும் உப்புநீர்ப் படலம் மின்கடத்தி. உலோகங்களை அரிக்கவும் வல்லது. உயர்விலைக் கருவிகளின் உடற்சட்டமான மக்னீசியக் கலப்புலோகத்தைக் குளோரைடு விரைவில் தாக்குகிறது. அச்சட்டத்தில் எஃகுத் திருகாணி பொருந்தும் இடங்களில் இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பும் நிகழ்கிறது. கருவி அலமாரியில் சும்மா இருக்கும்போதும் இது நடக்கும். எண்ணிக்கை அப்போது ஒன்றுகூட ஏறுவதில்லை.

சிற்றூர்களில் விழாக்களைப் படமெடுத்துப் பிழைப்போர், பல மாத வருவாயை ஒரு பழைய கருவியில் முடக்குகின்றனர். அவர்கள் குறைந்த எண்ணிக்கையைக் கண்டு அமையாமல், மின்கல அறையின் தொடுமுனைகள், மேலேயுள்ள ஒளிவீச்சுக் கருவிப் பொருத்தி, முக்காலித் துளை, வில்லை வளையத் திருகாணிகள் ஆகியவற்றை உருப்பெருக்கியால் பார்ப்பது நன்று. செம்புத் தொடுமுனையில் பச்சைக் களிம்போ, சட்டத்தின் இணைப்புகளில் வெண்பொடியோ தென்பட்டால் அரிப்பு தொடங்கியுள்ளது எனக் கொள்ளலாம். உள்ளே மின்சுற்றுப் பலகையின் நிலையை வெளியிலிருந்து அறிய இயலாது.

மூடியையும் நேரடியாகச் சோதிக்கலாம். பகல் வெளிச்சத்தில் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ 1/4000 நொடி வேகத்தில் பலமுறை படமெடுத்துப் பார்க்க வேண்டும். படத்தின் ஒரு விளிம்பு மட்டும் இருண்டிருந்தாலோ, படத்துக்குப் படம் வெளிச்சம் மாறினாலோ இரு திரைகளின் வேகம் ஒத்துப்போகவில்லை என்று பொருள். குழல்விளக்கு, எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றின் கீழ் இச்சோதனையைச் செய்யக் கூடாது. அவற்றின் மினுக்கமே நல்ல மூடியிலும் பட்டைகளைத் தோற்றுவிக்கும். திரைகளை விரலால் தொடுவதும் கூடாது.